முரசொலியில் சுண்டிய கிண்ணம்

கடல் இன்னும் ஒரு கல் தொலைவு உள்ளே இருந்த காலம் அது. அப்போது வெண்மணற்பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. கேளுங்கள், அதை ஆண்ட அரசன் கெட்டவன் இல்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் யாரோ தனக்கு நஞ்சு வைத்துவிட்டதாக நினைப்பான்.

அந்தத் துறைக்குச் சீனத்துக் கப்பல்கள் பீங்கான் கொண்டுவரும். ஆதன் என்பவன் பார்த்துச் சரி என்று தலையசைத்த பிறகே யாரும் வாங்குவார்கள். அவன் வலக்கையில் அரசன் அணிவித்த வெள்ளிக் கடகம் இருந்தது. அந்தக் கை தேர்ந்தெடுத்த கலத்தைப் பற்றி யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

ஆதனிடம் மூன்று சோதனைகள் இருந்தன. முதலில் கண். வெயிலில் திருப்பித் திருப்பிப் பூச்சின் நிறத்தைப் பார்த்தால் எந்தச் சூளையில் வெந்தது என்று தெரிந்துவிடும். அடுத்தது விரல். கலத்தைக் கவிழ்த்து, பூச்சுப் படாத அடிவளையத்தைக் கட்டைவிரலால் தடவினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். கடைசியில் காது. விளிம்பை நகத்தால் சுண்டினால், முழுசாக இருக்கும் கலம் கிண்ணென்று நெடுநேரம் பாடும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் டொக்கென்று அடங்கிப்போகும்.

சந்தையில் மண்சட்டி வாங்கும்போதுகூட அவன் சுண்டிவிட்டுக் காது கொடுத்து நிற்பான். அரண்மனைச் சமையற்காரன் கொற்றன் அதைப் பார்த்தால் விடமாட்டான்.

"மாமியார் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய், ஆதா. உள்ளேயிருந்து யார் வரப்போகிறார்கள்?"

ஆதன் அடுத்த சட்டியைச் சுண்டுவான்.

ஒரு வருஷம், வாழைக்குருத்தின் நிறத்தில் மூன்று கிண்ணங்கள் வந்தன. நஞ்சு பட்டால் இவை பிளந்துவிடும் என்றான் கப்பல் தலைவன். அரசனே கரைக்கு வந்துவிட்டான். அவன் வந்ததற்காக முரசு அடித்தார்கள். ஊரே கூடி நின்றது.

ஆதன் முதல் கிண்ணத்தைப் பார்த்தான். நிறம் சரி. தடவினான். அடி சரி. சுண்டினான். முரசு அதிர்ந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முரசை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் அரசன் முன்னால் சாய்ந்து காத்திருந்தான், ஊர் முழுக்க ஆதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆதன் கேட்பவனைப் போலக் கண்ணை மூடினான், பிறகு தலையசைத்தான். மூன்று கிண்ணங்களையும் சுண்டினான், மூன்றுக்கும் தலையசைத்தான்.

கிண்ணங்கள் பெட்டிக்குள் போயின. அரசன் பிறந்த நாளன்றுதான் அவற்றில் ஒன்றை முதன்முதலாக வெளியே எடுத்தார்கள். கொற்றன் அடுப்பிலிருந்து இறக்கிய பால்பாயசத்தை அதில் ஊற்றினான். அரசன் கை நீட்டுவதற்குள் கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. பாயசம் தரையில் ஓடியது.

நஞ்சு என்றான் அரசன். கொற்றன் அண்டாவில் மிச்சமிருந்த பாயசத்தில் ஒரு செம்பு நிறைய மொண்டு குடித்துக் காட்டினான். அப்படியானால் கிண்ணத்தில் மட்டும் தடவியிருப்பான் என்றார்கள் அமைச்சர்கள். ஆதனைக் கூப்பிடுங்கள் என்றான் அரசன். கிண்ணம் முழுசாக வந்தது என்று அவன் இன்னொரு முறை சொன்னால் போதும், அதை உடைத்தது நஞ்சுதான், சமையற்காரன் தலை போகும்.

ஆதன் வந்து துண்டுகளை எடுத்தான். உடைந்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினான். ஓரம் முழுக்கத் தேங்காய்ச் சில்லைப் போல வெள்ளையாக இருந்தது. அடிப்பக்கம் மட்டும், ஒரு விரல் நீளத்துக்கு, பழுப்பாக இருந்தது. கப்பலின் அடித்தட்டு ஈரம் ஊறிய பழைய விரிசல். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தச் சபையில் வேறு யாரும் இல்லை.

அவன் கொற்றனைப் பார்த்தான். கொற்றனின் விரல்களில் பாயசம் காய்ந்திருந்தது.

"நன்றாகப் பார்த்துச் சொல், ஆதா," என்றான் கொற்றன். "நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

ஆதன் துண்டுகளைக் கீழே வைத்தான்.

"விரிசல் பழையது, அரசே. கப்பலிலேயே விழுந்திருக்கிறது."

"அன்றைக்கு முழுசு என்றாயே?"

"தலையசைத்தேன். முரசுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவனைப் போல நின்றேன்."

சிநேகிதனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று அமைச்சர்கள் முணுமுணுத்தார்கள். ஆதன் மற்ற இரண்டு கிண்ணங்களையும் கேட்டான். சபை அமைதியாக இருக்க வேண்டும் என்றும் கேட்டான். ஒன்றைச் சுண்டினான். அது பாடியது, எல்லோரும் கேட்டார்கள். மற்றதைச் சுண்டினான். டொக்கென்றது; அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

"இதற்கும் நான் தலையசைத்தேன்," என்றான்.

பிறகு அரசன் கண்முன்னாலேயே கிணற்று நீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி, இரண்டிலும் ஊற்றச் செய்தான். பாடிய கிண்ணத்தில் ஆவி எழுந்தது. பாடாத கிண்ணம் பிளந்தது. அரசன் சிந்திய நீரை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தான். வெறும் நீர்.

கொற்றனை விட்டுவிட்டார்கள். ஆதன் கையிலிருந்த கடகத்தைக் கழற்றிக்கொண்டார்கள். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

அடுத்த கப்பல் வந்தபோது வேறொருவன் கடகத்துடன் கரையில் நின்றான். ஆதன் கூலிக்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். வணிகர்கள் கலங்களை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் வந்தார்கள். என் கையில் கடகம் இல்லையே என்றான். காது இருக்கிறதல்லவா என்றார்கள்.

அவன் ஒரு குடுவையை எடுத்துக் கண்ணால் பார்த்தான், விரலால் தடவினான், பிறகு நிமிர்ந்து, கப்பல் வந்ததற்காக அதிர்ந்துகொண்டிருந்த முரசின் பக்கம் பார்த்தான். அதற்குள் கொற்றன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முரசடிப்பவனின் கோலைப் பிடித்துவிட்டான்.

"கொஞ்சம் பொறு அப்பா," என்றான். "மாப்பிள்ளை கதவைத் தட்டப்போகிறார்."

கரை முழுக்கச் சிரித்தது, பிறகு அடங்கியது. ஆதன் சுண்டினான்.

ஆகவே, கேட்டவர்களே, நம் தவறுக்காக இன்னொருவர் தண்டனை பெறப்போகிறார் என்றால், நம் பெயர் போனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.