வேனுக்கு இன்னொரு பூட்டு

“அம்மா, பூட்டு பூட்டினபடியே இருக்கு. உள்ள இருந்த சாமானைக் காணோம்.”

மடத்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று வெள்ளைச்சாமி இதைச் சொன்னார்.

திலகவதியம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“செருப்பு இருக்கா?”

“இருக்கும்மா.”

“அப்ப அதைக் கழத்திட்டு உள்ள வாங்கண்ணே.”

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் ஆடு தாண்டுகிற உயரத்தில் ஒரு சுவர். அம்மாவுக்கு வயது நாற்பது. வெள்ளைச்சாமிக்கு அறுபதை நெருங்கிவிட்டது. இவர் அம்மா என்பார். அவர் அண்ணே என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திண்டாடுவார்கள்.

வெள்ளைச்சாமி ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவர். கடை கிடையாது. வேன்தான் கடை. திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் எது குளிராமல் போனாலும் அந்த வெள்ளை வேன் போய் வாசலில் நிற்கும்.

“என்ன போச்சு?”

“போன மாசம் செம்புக் குழாய். அன்னைக்கு வண்டியோட வந்த கம்பெனிப் பூட்டு மட்டும்தான் இருந்துச்சு. சரின்னு பின்கதவுக்குக் கொண்டி அடிச்சு ஒரு பூட்டுப் போட்டேன். இப்ப ஏசியில காத்தை உறிஞ்சுற வேக்கம் பம்பே போச்சும்மா. பூட்டுல ஒரு கீறல் இல்ல.”

“அடடா.”

“இதே தொழில் பண்ற ரபீக் பாய் தன்னோட பம்பை நம்பி இரவல் குடுத்திருக்காரு. அதுவும் போச்சுன்னா நான் எவன் கடையிலயாவது போய்க் கைவேலை செய்ய வேண்டியதுதான். இந்த வயசுல ‘டேய் ஸ்பேனர் எடுடா’ன்னு எவனாவது சொன்னா என்னால தாங்க முடியாதும்மா.”

அம்மா ஒரு முற்றின வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து ஒதுக்கினார்.

“இன்னொரு பூட்டுப் போடலாமாம்மா?”

“போடுங்கண்ணே.”

வெள்ளைச்சாமி வேறு பதிலை எதிர்பார்த்து வந்திருந்தார். பொருள் நிலையாதது, பற்றை விடு என்கிற மாதிரி ஏதாவது. அதற்கு என்ன எதிர்ப்பேச்சு பேசலாம் என்றுகூட வண்டி ஓட்டும்போதே யோசித்து வைத்திருந்தார். அது வீணாய்ப் போயிற்று.

---

வேனின் பக்கவாட்டுக் கதவுக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கிப் போட்டார்.

அடுத்த வாரம் கேஸ் உருளை ஒன்று காணாமல் போனது. பூட்டுகள் இரண்டும் சமர்த்தாகத் தொங்கின.

“இது மனுசன் வேலை இல்லம்மா. காத்துக் கருப்பு ஏதாவது இருக்கும்.”

“காத்துக் கருப்புக்குக் கேஸ் எதுக்குண்ணே?”

“கிண்டல் பண்ணாதீங்க. இன்னும் பெரிய பூட்டாப் போடட்டுமா?”

“போடுங்க.”

முன்கதவு இரண்டுக்கும் கொண்டி அடித்தார். பின்கதவின் குறுக்கே சங்கிலி போட்டார். சங்கிலிக்கு ஒரு பூட்டு. இடுப்பில் சாவிக் கொத்து ஜல்ஜல் என்று ஆட, அவர் வருவது தெருமுனையிலேயே தெரிந்தது. ஏசி ரிப்பேருக்குக் கூப்பிட்ட வீட்டில் ஒரு பெண்மணி, வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டுப் பூம்பூம் மாட்டுக்காரன் என்று நினைத்துப் பழைய சட்டையோடு வெளியே வந்தாள்.

அதையும் அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா வெகுநேரம் சிரித்தார்.

“நீங்க சிரிங்க. எனக்குத்தான் தூக்கம் போச்சு.”

“ஆயுத பூசை வருதில்ல. வண்டியை இங்க கொண்டாந்து விடுங்க. சாமானுக்கெல்லாம் பூசை போட்டுருவோம்.”

---

ஆயுத பூசையன்று வேனைக் கழுவினார். வாழைக்கன்று கட்டினார். ஸ்பேனரிலிருந்து ரபீக் பாயின் பம்பு வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, உள்ளே அடுக்கி, கதவுகளைச் சாத்தி, பூட்டுகளைப் பூட்டினார். பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. அதுவரை அதற்கும் ஓய்வு.

பிறகுதான் பூட்டுகள் ஞாபகம் வந்தன. அவையும் ஆயுதம்தானே? மற்ற எல்லாவற்றையும்விட அவைதானே முழித்துக்கொண்டிருக்க வேண்டும்?

பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலில் எடுத்தார். ஒவ்வொரு பூட்டின் முகத்திலும் அப்பினார். திருடன் கண்ணுக்குச் சாவித் துவாரமே தெரியக் கூடாது என்று கொஞ்சம் அழுத்தியே அப்பினார். கதவுகளில் இருந்த கம்பெனித் துவாரங்களையும் விடவில்லை. மேலே குங்குமம்.

வேன், கும்பாபிஷேகம் முடிந்த கோபுரம் மாதிரி நின்றது.

“திருப்தியாண்ணே?” என்றார் அம்மா.

“இன்னைக்குத்தாம்மா இங்கயே நிம்மதியாத் தூங்குவேன்.”

தூங்கினார்.

---

விஜயதசமி காலை கைபேசி அடித்தது. மலையடிவாரத்துப் பால் சங்கத்துச் செயலாளர் ராஜாத்தி.

“அண்ணே, பால் தொட்டி குளிர மாட்டேங்குது. மெஷின் செத்துப் போச்சு. ஊர்ப் பால் பூரா உள்ள நிக்குது. லாரி வர்றதுக்கு மத்தியானம் ஆகும். ஓடியாங்க.”

“இதோ வந்துட்டேன்மா.”

சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சாவி நுழையவில்லை.

சந்தனம் இரவோடிரவாகக் காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகியிருந்தது. ஊசியால் குத்தினார். தண்ணீர் ஊற்றினார்; அது கரைந்து இன்னும் உள்ளே இறங்கியது. எண்ணெய் விட்டார். ஆத்திரத்தில் திருகினார். ஒரு சாவி உள்ளேயே முறிந்து தங்கிவிட்டது.

சுத்தியலால் உடைக்கலாம். சுத்தியல் வேனுக்குள் இருந்தது.

மடத்துக்கு வந்திருந்த கூட்டம் சுற்றி நின்று யோசனை சொன்னது. ஒருவர் கல்லைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டார். திண்டுக்கல் பூட்டு. கல்தான் இரண்டாயிற்று.

கைபேசி மறுபடி அடித்தது.

“அண்ணே, எங்க இருக்கீங்க? கையை விட்டுப் பாத்தேன், பால் வெதுவெதுன்னு இருக்கு. இது திரிஞ்சா ஊரே என்னைத் திட்டும். அடுத்து உங்களைத்தான் திட்டும்.”

“கிளம்பிட்டேன்மா, கிளம்பிட்டேன்.”

கொட்டகையில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஏதாவது சொல்லுங்கம்மா!”

“என்ன சொல்ல? பூட்டெல்லாம் நல்ல பூட்டுண்ணே.”

வெள்ளைச்சாமி உடைந்த கல்லில் பெரிய பாதியை எடுத்தார். விஜயதசமியும் அதுவுமாய்க் கண்ணாடியை உடைப்பது நல்லதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஊர்ப் பால். பின்கண்ணாடிக்கு நேராகக் கையை ஓங்கினார்.

“அண்ணே, இருங்க இருங்க. பாவம், நல்ல கண்ணாடி.”

திரும்பிப் பார்த்தார். தள்ளுவண்டியோடு ஒருவன் நின்றான். ஒல்லியானவன், முப்பது முப்பத்தைந்து இருக்கும். சேவுகன். டவுனில் தெருத்தெருவாகப் பூசணிக்காய் விற்கிறவன். ஆயுத பூசை முடிந்தால் மிஞ்சின காயை யாரும் வாங்க மாட்டார்கள் என்று மடத்துச் சாம்பாருக்குக் கொண்டுவந்து கொடுப்பான்.

“உடைக்காம எப்படி எடுக்கிறது? நீ எடுப்பியா?”

சேவுகன் ஒரு நிமிஷம் தயங்கினான். தரையைப் பார்த்தான். பிறகு, “தட்டையா, மெலிசா ஏதாவது வேணும்” என்றான்.

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து தோசைத் திருப்பியை அவன் கையில் கொடுத்தார்.

கண்ணாடியைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பரின் ஒரு மூலையில் அதை நுழைத்தான். மெல்ல நெம்பினான். பூச்சரத்தை உருவுகிற மாதிரி ரப்பரை முழு நீளத்துக்கும் உருவினான். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து ஒரு தட்டு.

கண்ணாடி அப்பளம் மாதிரி அவன் கைக்கு வந்தது.

கூட்டம் ஆ என்றது. பூட்டுகள் எல்லாம் சந்தனப் பொட்டோடு பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் கண்ணாடியைத் தள்ளுவண்டியில் பதமாகச் சாய்த்துவிட்டு, இடுப்பு வரை வேனுக்குள் நுழைந்தான்.

“பச்சை டூல்ஸ் பையை எடுப்பா! ஐயோ, எங்க வச்சேன், பூசைக்கு எடுத்து வைக்கிறப்போ...”

உள்ளிருந்து குரல் வந்தது.

“வலது பக்கம், ஸ்டெப்னி டயருக்குள்ளதான இருக்கு. எப்பவும் அங்கதான வைப்பீங்க.”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

பச்சைப் பை வெளியே வந்தது. பின்னால் சேவுகனின் தலை வந்தது. தான் சொன்னது அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. ஓடலாம் என்று அவன் கால் நினைத்தது வெள்ளைச்சாமிக்குத் தெரிந்தது. ஆனால் தள்ளுவண்டி நகர்ந்து கண்ணாடி சரியத் தொடங்கியிருந்தது. அவன் எட்டி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே நின்றான்.

“டேய்...” என்றார் வெள்ளைச்சாமி.

“பால் திரிஞ்சிரும்ணே” என்றார் அம்மா.

“அம்மா, இவன்தாம்மா! இவன்தான்!”

“ஆமா. தோசை தீயுது.”

“திருகாணியைத் திருகிக் கொண்டியைக் கழட்டி, முன்கதவை உள்ளயிருந்து திறந்துரலாம். வண்டி கிளம்பிரும். ஆனா பின்னாடி தொறந்து கிடக்கே! ரபீக் பாய் பம்பு உள்ள இருக்கே! யாரு காவல் இருக்கிறது?”

அம்மா சேவுகனைப் பார்த்தார்.

“கண்ணாடியை மடியில வச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காருப்பா. ரோடு மேடு பள்ளமா இருக்கும், பாத்து.”

---

வழி முழுக்க வெள்ளைச்சாமி வண்டியின் மேல் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். சேவுகன் கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதோடு சேர்ந்து குதித்தான். ஜன்னல் ஓட்டையில் மலைக்காற்று வந்தது. வாழைக்கன்று படபடத்தது.

பால் சங்கத்தில் கெப்பாசிட்டர் போயிருந்தது. மின்விசிறி இறுகியிருந்தது. வெள்ளைச்சாமி மெஷினுக்குக் கீழே படுத்தார். கையைப் பின்னால் நீட்டினார். கேட்பதற்குள் சரியான ஸ்பேனர் கைக்கு வந்தது. அடுத்து நீட்டினார். குறடு வந்தது.

மெஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் தொட்டியின் வெளிப்பக்கம் வியர்த்தது. ராஜாத்தி ஒரு கரண்டி மொண்டு மோந்து பார்த்தாள், குடித்துப் பார்த்தாள், கண்ணை மூடினாள்.

“தப்பிச்சேன்.”

“யாரு?” என்றார் வெள்ளைச்சாமி.

“நான், நீங்க, ஊரு. இந்தாங்க, ரெண்டு பேரும் காப்பி குடிங்க. இது யாரு, புது ஆளா?”

வெள்ளைச்சாமி தம்ளரை வாங்கிக்கொண்டார். சேவுகனும் வாங்கிக்கொண்டான். வேனின் நிழலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

“கண்ணாடியை எடுக்கிற, சரி. திரும்ப எதுக்குடா மாட்டிட்டுப் போன?”

“மழைக் காலம்ணே. உள்ள நனையுமில்ல.”

வெள்ளைச்சாமிக்குக் காப்பி புரையேறியது. சிரிப்பா, கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

“பம்பை எப்படிக் கொண்டு போன? தெருவுல ஒருத்தரும் பாக்கலயா?”

“பூசணிக்காய்க்கு அடியில வச்சுத் தள்ளிட்டுப் போனேன். விக்கலண்ணே. கடைக்குக் கடை காட்டினேன். ‘இது வெள்ளைச்சாமி பம்புல்ல’ன்னு எல்லாரும் கேட்டாங்க. வீட்டுலதான் கிடக்கு.”

“செம்புக் குழாயும் கேஸ் உருளையும்?”

சேவுகன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அமாவாசைக்கும் ஆயுத பூசைக்கும்தான்ணே பூசணிக்காய் போகும். நடுவுல எல்லா நாளும் வயிறு இருக்கு.”

வெள்ளைச்சாமி தம்ளரைக் கீழே வைத்தார்.

“சரி, சொல்லு. எந்தப் பூட்டுப் போட்டா உன்னால திறக்க முடியாது?”

சேவுகன் எழுந்தான். வேனைச் சுற்றி வந்தான். இப்போதுதான் அதை முதல்முறை பகல் வெளிச்சத்தில் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

“பின்கண்ணாடிக்கு உள்பக்கம் இரும்பு வலை அடிங்க. முதல்ல அது. இந்தக் கொண்டி எல்லாம் திருகாணி வெளிய தெரியுது, ஒரு ரூபாக் காசை வச்சே திருகிக் கழட்டிரலாம். கதவுக்கு உள்ள இருந்து போல்ட் போட்டு வெல்டு வைங்க. பக்கத்துக் கதவுக்கு ஒண்ணு, பின்கதவுக்கு ஒண்ணு. நல்ல பூட்டு. போதும்.”

“சங்கிலி?”

“அது எதுக்குண்ணே? பாக்கிறவனுக்கு, உள்ள என்னமோ இருக்குன்னு ஆசை வருது.”

---

அந்த வாரமே வெள்ளைச்சாமி பட்டறையில் வேனை விட்டார். சேவுகன் பக்கத்தில் நின்று, இங்கே, இன்னும் கீழே, அதை உள்ளே தள்ளு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பட்டறைக்காரர் எரிச்சலோடு, “இவரு யாரு, பூட்டுக் கம்பெனி இஞ்சினீயரா?” என்றார்.

“கிட்டத்தட்ட” என்றார் வெள்ளைச்சாமி.

இரும்பு வலை ஏறியது. பழைய கொண்டிகள் போயின. இரண்டே பூட்டு. பழைய பம்பு ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ரபீக் பாயின் பம்பு ரபீக் பாயிடம் போயிற்று.

வெள்ளைச்சாமி மடத்துக்கு வந்தார். இடுப்பில் சத்தம் இல்லை. வேனின் பின்னால் சேவுகன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

“முடிஞ்சுதும்மா. இனி எவனாலயும் திறக்க முடியாது. இவனே முயற்சி பண்ணிப் பாத்துட்டு முடியலன்னுட்டான்.”

“ரொம்பச் சந்தோசம்ணே.”

“கடைக்காரன் பூட்டுக்கு ரெண்டு ரெண்டு சாவி குடுக்கிறான். ஒரு செட்டு என்கிட்ட இருக்கு.” மடியிலிருந்து இன்னொரு செட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். “இது உங்ககிட்ட இருக்கட்டும்மா. உங்களைவிட நம்பிக்கையான ஆளு எனக்கு யாரு?”

அம்மா சாவியைப் பார்த்தார். கையை நீட்டாமல், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சேவுகனைப் பார்த்தார்.

“எனக்கு எதுக்குண்ணே? நான் திருட மாட்டேனே.”