பதினோராவது குடித்தனம்

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மண்மேடு இருந்தது. அதில் வளை தோண்டிக் குடியேற ஒரு முள்ளம்பன்றி ஆசைப்பட்டது. அதன் பழைய வளை பள்ளத்தில் இருந்தது. போன மழையில் வெள்ளம் புகுந்து அதன் குட்டியை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது மறுபடியும் வயிற்றில் குட்டி. மழைக்கோ ஒரு மாதம்தான் இருந்தது.

ஆனால் நினைத்தவுடன் தோண்டிவிட முடியாது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் பத்துக் குடித்தனத்தைக் கலைத்தால், பக்கத்திலேயே பதினொன்றைக் குடியேற்றியிருக்க வேண்டும். அதை எண்ணிப் பார்த்து அனுமதி கொடுப்பவர் ஆமையார்.

நரி வந்து சிரித்தது. "அட அசடே! முதலில் மேட்டை வழித்துச் சுத்தமாக்கு. அப்புறம் ஆமையைக் கூப்பிடு. வெறும் மண்ணில் எண்ண என்ன இருக்கும்?"

"அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள், நரியண்ணா? வீடு போன வலி எனக்குத் தெரியாதா!" என்றது முள்ளம்பன்றி.

ஆமையார் வந்தார். நாற்பது அடி தூரம்தான், வந்து சேர உச்சிவேளை ஆகிவிட்டது! "ஓணான் மூன்று, தேரை நான்கு, எறும்புப் புற்று இரண்டு, தையல்சிட்டுக் கூடு ஒன்று. ஆகப் பத்து! நீ பதினொன்று காட்டு" என்றார்.

பக்கத்தில் புல்கூட முளைக்காத பொட்டல் கிடந்தது. முள்ளம்பன்றி அங்கே வேலையைத் தொடங்கியது. நீர் தேங்கப் பள்ளம் பறித்தது. அந்த மண்ணைக் குவித்து, வேரோடு புதர்களைக் கொண்டுவந்து நட்டது. காலில் இடறிய கூழாங்கற்களை ஓரமாக ஒதுக்கிப் போட்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி அப்படி உழைத்ததை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மூன்று வாரத்தில் எல்லோரும் இடம் மாறினார்கள். ஆமையார் திரும்ப வந்து எண்ணினார். பத்து! வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"குளத்துத் தவளை ஒன்றைப் பிடித்து உட்கார வை. கிழவருக்குக் கண் மங்கல்!" என்று நரி கிசுகிசுத்தது.

முள்ளம்பன்றி கறுத்த வானத்தை அண்ணாந்து பார்த்தது. ஆனாலும், "பத்துதான், ஆமையாரே. இன்னொன்று இல்லை" என்றது.

ஆமையார் வருத்தத்தோடு திரும்பினார். ஓரத்துக் கூழாங்கற்கள்மேல் காலை வைக்கப் போனார்.

"காலை எடுங்கள்! அது கல் இல்லை, என் முட்டை!" என்று அலறியது ஆள்காட்டிக் குருவி. கற்களுக்கு நடுவே கற்களைப் போலவே நான்கு முட்டைகள்!

"எப்போது வந்தாய்?" என்று கேட்டார் ஆமையார்.

"இவள் கல்லை ஒதுக்கிய மறுநாளே!"

"அப்போதே சொல்வதற்கென்ன?"

"நரி இங்கேயே சுற்றும்போது யாராவது முட்டை இருக்கிறதென்று சொல்வார்களா?"

நரி நாக்கைச் சப்புக்கொட்டியது. முள்ளம்பன்றி சட்டென்று முட்களைச் சிலிர்த்து முட்டைகளுக்கு முன்னால் நின்றது. "இனி இது என் வாசல். ஓர் அடி எடுத்து வை, பார்க்கலாம்!"

நரி போன இடம் தெரியவில்லை.

"பதினொன்று!" என்றார் ஆமையார். "தோண்டு, தாயே!"

முதல் தூறல் விழுந்தபோது முள்ளம்பன்றி தன் புது வளைக்குள் இருந்தது.

பிறர் வாழும் இடத்தில் குடிபுகுகிறவர்கள், எடுத்ததைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து, அதைக் காத்தும் நிற்க வேண்டும்.