காலடி அளந்து கொடுத்த அறை

இலுப்பைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு பெரிய சபை இருந்தது. ஒவ்வொரு இனமும் ஓர் உறுப்பினரை அனுப்பும். முயல்கள் செவ்வந்தியை அனுப்பியிருந்தன. அவளுக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் பார்த்தாலே காதை மடக்கி முகத்தை மூடிக்கொள்வாள். ஆனால் யார் குறை சொன்னாலும் முழுசாகக் கேட்பாள்.

சபை கூடுவதற்கு இடம் இருந்தது. தங்கள் சனத்தைப் பார்த்துப் பேசத்தான் உறுப்பினர்களுக்கு இடம் இல்லை.

"ஆளுக்கு ஓர் அறை தருகிறேன்!" என்றார் புலிராசா.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். எதைப் பங்கிட்டாலும் ஈர மண்ணில் காலைப் பதிக்கச் சொல்வார்கள். தடத்துக்குத் தக்கபடிதான் பங்கு.

யானை மலையாண்டி தொப்பென்று காலை வைத்தார். பெரிய குகை கிடைத்தது! செவ்வந்தி மெல்ல வைத்தாள். தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பொந்து கிடைத்தது. எறும்பு உறுப்பினர் ஏறிக் குதித்துப் பார்த்தார். தடமே விழவில்லை. அறையும் இல்லை!

மழைக்காலம் நெருங்கிவிட்டது. பள்ளத்தில் இருக்கும் முயல் வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும். போன மழையில் குட்டிகள் பிழைத்ததே பெரும்பாடு. மேட்டுக்குக் குடிபோகச் சபை அனுமதி வேண்டும். அதற்கு எந்தெந்த வளை பள்ளத்தில் இருக்கிறது என்று செவ்வந்தி விசாரித்தாக வேண்டும்.

முயல்கள் குட்டிகளோடு திரண்டு வந்தன. செவ்வந்தி பொந்துக்குள் உட்கார்ந்தால் காது மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, என் வளை வந்து..."

"தள்ளுடி, என் குட்டி நசுங்குது!"

"யாரு என் காதை மிதிச்சது?"

அந்தக் கூச்சலில் ஒரு விவரமும் அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் சபையில், "எந்த வளைகள் பள்ளத்தில் இருக்கின்றன?" என்று கேட்டார் புலிராசா. செவ்வந்தி திருதிருவென்று விழித்தாள்.

"தெரியாதா? அப்போ காது எதுக்கும்மா இத்தனை நீளம்?" என்று சிரித்தார் கரடியார்.

செவ்வந்திக்குக் கண் கலங்கியது. குட்டிகளை நினைத்துக்கொண்டாள். மடங்கிய காது தானாக நிமிர்ந்தது.

"ராசா, என் காலடியை அளந்தீங்க. என் வாசலுக்கு வந்த காலடியையும் ஒரு தடவை வந்து பாருங்க!"

சபையே எழுந்து போய்ப் பார்த்தது. பொந்தைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் அத்தனை தடம்! யானைக் குகை வாசலிலோ மலையாண்டியின் தடம் மட்டுமே இருந்தது.

"என்ன மலையாண்டி, உன்னைத் தேடி யாரும் வரலையா?"

"ஒரு குரங்கு வரும் ராசா. குறட்டையைக் குறைச்சுக்கோன்னு கிளையிலிருந்தே கத்திட்டுப் போயிடும்! எங்க யானைங்க நடந்துகிட்டே பேசி முடிச்சிடும். தாயி, குகையை நீயே எடுத்துக்கோ!"

அன்றே முயல்கள் குகைக்குள் நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லின. செவ்வந்தி கேட்டாள். சபையில் தடுமாறாமல் சொன்னாள். அனுமதி கிடைத்தது. மழை கொட்டியபோது குட்டிகள் மேட்டு வளைக்குள் நனையாமல் கும்மாளம் போட்டன!

"இனி வாசலுக்கு வரும் காலடியைத்தான் அளப்போம்!" என்றார் புலிராசா.

எறும்பு உறுப்பினர் மெல்ல முன்னே வந்தார். "எங்க தடம் விழாது ராசா. ஆளுங்களையே வரச் சொல்லட்டுமா?"

வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள்! வரிசை முடிவதாக இல்லை. புலிராசா விழுந்து விழுந்து சிரித்தார். காட்டிலேயே பெரிய குகையான தன்னுடையதைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போனார்.

மக்களின் பிரதிநிதிக்கு இடம் ஒதுக்கும்போது அவருடைய உருவத்தை அளக்கக்கூடாது, அவரைத் தேடி வரும் மக்களைத்தான் அளக்க வேண்டும்.