கூப்பிடாத பசி

"ஏனுங்க சாமி, ஏமாத்தி ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்புங்களா?"

வந்ததும் வராததுமாக வசந்தாமணி இப்படித்தான் கேட்டாள். கும்பிடக்கூட இல்லை. அவ்வளவு கோபம்.

சாமி மடத்துக்கு முன்னால் பவானி ஆற்றுப் படியில் குந்தி வேட்டி அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா ஏமாத்தினது?"

"என் வகுப்புப் பொம்பளைங்க. ஊசி போட்டுக்கறாங்க சாமி. இளைக்கிற ஊசி. வாரத்துக்கு ஒண்ணு. அதை வயித்துல போட்டுக்கிட்டு, என் முன்னால வந்து வாயைக் கட்டி இளைச்சேன்னு நிக்கிறாங்க."

"இளைச்சிருக்காங்களா?"

"நல்லா இளைச்சிருக்காங்க. அதானே வயித்தெரிச்சல்!"

சாமி வேட்டியை முறுக்கிப் பிழிந்தார்.

"யாரை ஏமாத்தினாங்க?"

வசந்தாமணி வாயைத் திறந்தாள். என்னைத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

அவருக்கு ஒருவேளைச் சாமி என்று பேர். நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு, அதுவும் ஒரு கைப்பிடி. வயசு நாற்பத்தைந்து. வசந்தாமணி அவரைவிட எட்டு வயசு மூத்தவள். இருந்தும் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுவாள். கோபிச்செட்டிபாளையத்தில் பாதிப் பேர் விழுவார்கள். பசியை ஜெயித்தவர் என்றால் சும்மாவா!

அந்த ஜெயிப்பின் விலை வசந்தாமணிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் தொண்ணூற்றெட்டு கிலோ. பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து நிற்பாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து அழுது தீர்த்துவிட்டு, சாமியின் படம் ஒன்றைச் சமையலறையில் மாட்டினாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே வாயைக் கட்டினாள். முப்பத்துநாலு கிலோ இறங்கினாள். மருந்து இல்லை, மாத்திரை இல்லை.

பிறகு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. நாற்பது பெண்கள். ஒவ்வொருத்தியாக எடை மெஷினில் ஏறுவாள். வசந்தாமணி சத்தமாக எடையைப் படிப்பாள். குறைந்திருந்தால் கூடமே கைதட்டும். கூடியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்வானேன், அந்தச் சும்மா இருப்பதுதான் ரொம்ப வலிக்கும்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் சாமி.

"கோகிலவாணின்னு ஒருத்தி சாமி. தையக்கடை வச்சிருக்கா. மூணு மாசமா மளமளன்னு இறங்கினா. போன ஞாயித்துக்கிழமை பார்த்தா, ஒரே வாரத்துல மூணு கிலோ. கைதட்டுல கூடமே அதிர்ந்துருச்சு. கையில மைக்கைக் குடுத்து, எப்படி வாயைக் கட்டினேன்னு எல்லாருக்கும் சொல்லு கண்ணுன்னேன்."

"சொன்னாளா?"

"சரிஞ்சுட்டா."

சாமி வேட்டியைப் படியில் வைத்தார்.

வசந்தாமணியின் குரல் இறங்கியது. "என் காலடியில விழுந்தா சாமி. கும்பிட விழறான்னு நினைச்சோமுங்க. எல்லாரும் இன்னும் பலமா கைதட்டினாங்க. நான் ஆசீர்வாதம் பண்றதுக்குக் கையையே தூக்கிட்டேன்."

ஆறு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"எந்திரிக்கலை. தண்ணி தெளிச்சுக் கண்ணு முழிச்சா. மூணு நாளா மோரைத் தவிர ஒண்ணும் குடிக்கலையாம். அப்பத்தான் ஊசிக் கதை வெளிய வந்துச்சு. டாக்டர் என்னமோ தெளிவாத்தான் சொல்லியிருக்கார். கொஞ்சமா இருந்தாலும் வேளா வேளைக்குச் சாப்பிடணும், முட்டை, பயறு விடக்கூடாது, தலை சுத்தினா உடனே வரணும்னு. இவ எதையும் செய்யலை."

"ஏன்?"

"பசிக்கவே இல்லையாம்."

"அது மட்டுந்தானா?"

வசந்தாமணி புடவைத் தலைப்பைத் திருகினாள். "சாப்பிடாம இருந்தா எடை இன்னும் இறங்குது, கைதட்டு கிடைக்குதுன்னா."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"நோட்டுல அவ பேரை அடிச்சுட்டேன். உடனே பதினோரு பேர் எந்திரிச்சு, நாங்களும் ஊசிதாங்க்கான்னாங்க. அவங்க பேரையும் அடிச்சேன். கேட்டுக்கங்க சாமி, நாப்பதுல பன்னண்டு! மனசு வச்சா முடியும்னு தொண்டை கிழியக் கத்தினவ நான். இனி அந்த வகுப்பை நடத்தறதா, இழுத்து மூடறதா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கோகிலவாணி இப்ப எப்படி இருக்கா?"

"தெரியலைங்க."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"புருஷன் திருப்பூர்ல. ஞாயித்துக்கிழமைதான் வருவார். மத்த நாளெல்லாம் தனியாத்தான்."

சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மடத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"சாமீ! இலை போட்டாச்சு! வாரீங்களா, நான் வரட்டுமா?"

மடத்தில் சமைக்கிற நஞ்சம்மாள்தான் அது. சாமி சட்டென்று எழுந்துவிட்டார்.

"வாங்கம்மா. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

அன்றைக்கு யாரோ அன்னதானக் கட்டளை கொடுத்திருந்தார்கள். பந்தியில் இருபது பேர். சோறு, பருப்பு, பொரியல், கடைசியில் நெய் வழிய ஒப்புட்டு என்கிற பருப்புப் போளி. வசந்தாமணியைத் தன் இலைக்கு எதிரில் உட்காரச் சொன்னார் சாமி.

அவள் தனக்கு விதித்துக்கொண்ட அளவில் சாப்பிட்டாள். ஒப்புட்டு வேண்டாம் என்று கையால் மறைத்தாள்.

சாமிக்கு ஒன்று விழுந்தது. பாதி தின்றார். ஈரோட்டிலிருந்து வந்தவர் ஒருவர் என்னவோ கேட்டார். அதற்குப் பதில் சொல்லத் திரும்பியவர், மீதிப் பாதியை மறந்தே போனார்.

வசந்தாமணி மறக்கவில்லை.

"அம்மா, என் இலையில என்னத்தைப் பார்க்கறீங்க?"

அவள் திடுக்கிட்டாள். "ஒண்ணுமில்லைங்க."

"சும்மா சொல்லுங்க."

"பாதி ஒப்புட்டுங்க."

"எப்ப இருந்து பார்க்கறீங்க?"

"நீங்க கீழ வச்சதுல இருந்து."

"என்ன பண்ணுது அது?"

பதினாலு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாதது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சாமி கேட்கிறார்.

"கூப்பிடுதுங்க."

"கூப்பிடுதா?"

"ஆமாங்க. எங்க வீட்டு டப்பாவுல எத்தனை முறுக்கு இருக்குன்னு எனக்கு எப்பவும் தெரியும் சாமி. பீரோவுல வச்சுப் பூட்டினாலும் தெரியும். துணி காயப்போடறப்ப, போன் பேசறப்ப, கோயில்ல கண்ணை மூடி நிக்கிறப்ப. நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்."

"இப்பவுமா?"

"உங்ககூடப் பேசிட்டிருக்கற இந்த நிமிஷமும்."

"பதினாலு வருஷமா?"

"அதுக்கு முன்னாலயும் கூப்பிட்டுதுங்க. அப்ப போயிட்டிருந்தேன். இப்பப் போறதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாமி குனிந்தார். தலையைச் சாய்த்து, காதை இலையோரம் வைத்தார். விளையாட்டுக்கு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, நிஜமாகவே கேட்டுப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நெடுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைம்மா."

"நீங்க ஜெயிச்சவருங்க சாமி. உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"ஜெயிக்கலை. எனக்கு எப்பவுமே கேட்டதில்லை."

வசந்தாமணிக்குப் புரியவில்லை.

"சின்ன வயசுல எங்கம்மா சோத்துக் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா என்னைத் தொரத்துவாங்க. பசின்னா என்னன்னு எனக்குச் சரியாத் தெரியாது. இங்க வந்தேன். இவன் கொஞ்சமாத் தின்னறான்னு பார்த்தாங்க, தவம்னுட்டாங்க. நானும் கொஞ்ச நாள்ல நம்பிட்டேன். நான் எதையும் விடலைம்மா. விடறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இருந்ததில்லை."

"சாமி… என் சமையக்கட்டுல உங்க படத்தை…"

"கழட்டிருங்க."

சொல்லிவிட்டு எழுந்தார். இலையைத் தாண்டி வந்தார். எச்சில் கையை முதுகுப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு, வசந்தாமணியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயோ! சாமி! என்ன பண்றீங்க, எந்திரிங்க!"

"ஒரு நாள்கூட நான் சண்டைக்குப் போனதில்லை. நீங்க பதினாலு வருஷமா களத்தைவிட்டு வெளிய வரவே இல்லை. இதைக் கும்பிடாம வேற எதைக் கும்பிடறது?"

பந்தியில் இருந்த இருபது பேரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. வசந்தாமணிக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது, துடைக்கத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து, கோகிலவாணி முன்பு சொன்ன ஒரு பேச்சு அவள் காதில் இப்போதுதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, கூடத்துத் தரையில் படுத்தபடி அவள் முனகியது. அன்றைக்கு இருந்த கோபத்தில் வசந்தாமணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஊசி போட்டு ரெண்டு நாள் இருக்கும்க்கா. காலையில எந்திரிச்சேன். உள்ள யாருமே பேசலை. பொறந்ததுல இருந்து முதல் தடவையா சத்தமே இல்லை. கட்டில்ல உக்காந்து அழுதேங்க்கா. மத்தவங்க எல்லாரும் இப்படித்தான் இருக்காங்களா, இப்படியே இருந்துட்டாங்களான்னு அழுதேன்.

அவளுக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் பதினோரு பேருக்கும். நாற்பது பேருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் உள்ளே அந்தச் சத்தத்தோடுதான் வந்து மெஷினில் ஏறி நின்றிருக்கிறார்கள். ஒருத்தியும் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவளே சொல்லவில்லை.

நாற்பது பேர்! அடேயப்பா, எத்தனை பெரிய போராட்டம் அந்தக் கூடத்தில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது! வசந்தாமணிக்கு நெஞ்சு விம்மியது. ஒரு சின்ன ஊசிக்கு அந்தச் சத்தம் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்தபோது, இன்னும் விம்மியது. பொறாமை வருமென்று பார்த்தாள். வரவில்லை.

அதற்குள் சாமி எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"பசி கூப்பிடாதுன்னா, எப்பச் சாப்பிடணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாமி முழித்தார். யோசித்தார். மெல்லத் திரும்பி, ரசச் சட்டியும் கரண்டியுமாக நின்ற நஞ்சம்மாளைப் பார்த்தார்.

நஞ்சம்மாள் அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிசு.

"அவரைக் கேட்டா? அவருக்கு என்னத்தைத் தெரியும் அம்மிணி! எம்மக பிரசவத்துக்குன்னு ஒருக்காப் பத்து நாளு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாக்கறேன், இந்த மகராசன் கெணத்தடியில சுருண்டு கெடக்கறாரு. கண்ணு உள்ள போயிருச்சு. சுத்தியும் பத்துப் பேரு நின்னு, சாமி உபவாசத்துல இருக்காருன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு இருக்காங்க. வெளக்கமாத்தை எடுத்துட்டேன்!"

"எடுத்தா" என்று ஒப்புக்கொண்டார் சாமி.

"கஞ்சி காய்ச்சி, தலையைத் தூக்கிப் புடிச்சு வாயில ஊத்தினேன். அன்னைக்கிருந்து நானா சத்தம் போட்டாத்தான் வருவாரு. முன்னால நின்னாத்தான் திம்பாரு. ஒருவேளைன்னு இவரு வச்ச கணக்கில்ல இது. நான் மல்லுக்கட்டி ஏத்தினது. இவருக்குப் பசிங்கறதே நான்தான் அம்மிணி."

சொல்லிவிட்டு, கரண்டியால் இலையைக் காட்டினாள்.

"அது என்ன பாதியில கெடக்குது? தின்னுங்க."

சாமி பாதி ஒப்புட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் மென்று விழுங்கும்வரை நஞ்சம்மாள் நகரவில்லை.

வசந்தாமணி அந்தக் கிழவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு போய், இன்றைக்குச் செவ்வாய். உச்சி வெயில்.

அவள் எழுந்தாள். இலையை மடிக்கவில்லை, கையும் கழுவவில்லை. இடது கையால் பைக்குள் துழாவி போனை எடுத்து, கோகிலவாணிக்குப் போட்டாள்.

"எங்கம்மா? வகுப்பு விஷயம் கேக்க வந்தீங்களே" என்றார் சாமி.

அவள் காதில் அது விழவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"அக்கா?" குரல் நூலாக வந்தது. பயந்திருந்தது.

அந்தக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், வகுப்பு நடத்திய இத்தனை வருஷத்தில், ஒரு பெண்ணைப் பார்த்தும் வசந்தாமணி கேட்காத ஒன்றை இப்போது கேட்டாள்.

"சாப்டியா கண்ணு?"

"இல்லீங்க்கா. ஞாபகமே வரலை."

"அடுப்பைப் பத்த வை. வந்துட்டே இருக்கேன்."