நாளாகமம் வாசித்த மத்தியானம்

சொர்ணபாய் பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு தினமும் காலையில் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்து, ஒரு சிறு தியானம் எழுதி, சபையாருக்குப் போனில் அனுப்பி வந்தாள். ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு நாளும் விடாமல் நாளாகமம் வரை வந்துவிட்டாள்.

நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பாலும் பெயர்கள்தான். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்ற வரிசை. தியானிக்க ஒன்றுமில்லை என்று அவற்றைத் தள்ளிவிட்டுப் பத்தாம் அதிகாரத்துக்குப் போனாள்.

மறுநாள் வாசிக்க உட்கார்ந்தபோது, பின்னால் கிடந்த பிரம்பு நாற்காலியில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அடுத்த நாள் கட்டிலிலும் கேட்டது. அதற்கடுத்த நாள் ஜன்னலோர ஸ்டூலில். வேதத்தை மூடினால் சத்தம் நின்றுவிடும். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு வேதத்தைத் திறக்கவே அவளுக்குக் கை வரவில்லை.

சபையை நடத்தும் உபதேசியார் ஞானாபரணத்திடம் போனாள். அவர் அவளைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் வேதம் வாசிக்க அவளைப் பழக்கியவர் அவர்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வேதம் வாசிப்பவளுக்கு இப்படி வருமா என்று கேட்டாள்.

அவர் ஜெபம் பண்ணவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்துக்கு வரச் சொன்னார்.

அவள் போனபோது ஆலயத்தில் அவர் மட்டும் இருந்தார். காற்றாடிகள் ஓடவில்லை. முன்னால் ஒரு நாற்காலி போட்டு, காலி பெஞ்சுகளைப் பார்த்து அவளை உட்கார வைத்தார். மடியில் வேதத்தை விரித்துக் கொடுத்தார். அவள் தள்ளிவிட்ட அதே பக்கம்.

"சத்தமா வாசிங்க அக்கா."

வாசித்தாள். ஆதாம். சேத். ஏனோஸ். முதல் பெஞ்சின் பலகை முனகியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தூசி படிந்த பெஞ்சு மட்டுமே இருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றார் உபதேசியார்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பலகை முனகியது. மகலாலெயேல் என்ற பெயரில் நாக்கு பிசகியது. சத்தம் வரவில்லை. யாரோ நின்றபடி காத்திருப்பது போலிருந்தது. எழுத்துக்கூட்டித் திருத்தி வாசித்தாள். பலகை முனகியது.

அதிகாரம் முடிவதற்குள் கடைசி பெஞ்சு வரை நிறைந்துவிட்டது. கூட்டம் நிறைந்த ஆலயத்தின் புழுக்கம் அவள் முகத்தில் அடித்தது. கண்ணுக்கு மட்டும் யாரும் தெரியவில்லை.

"முடிஞ்சுது ஐயா."

"ஒருத்தரும் எழும்பலையே அக்கா. இன்னும் யாரோ வரணும்போல."

சொர்ணபாய் விரித்த வேதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். முப்பத்துநாலு வருடத்துக்கு முன் தனக்கு எட்டாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டு நாள் இருந்து போன ஒரு பெண் குழந்தையைப் பற்றி. ஞானஸ்நானம் கொடுக்க நேரமிருக்கவில்லை. சபைப் பதிவேட்டிலும் பெயர் ஏறவில்லை. புருஷன் அவசரமாக அடக்கம் பண்ணிவிட்டு வந்து, இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே என்றான். அவன் சாகும்வரை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"பேர் வச்சிருந்தீங்களா?"

"மனசுக்குள்ள வச்சிருந்தேன். ஒரு தடவைகூட கூப்பிட்டதில்ல."

பெஞ்சுகளில் அசைவில்லை.

"சுகிர்தா" என்றாள் அவள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி, சத்தமாகக் கூப்பிட்டாள். "சுகிர்தா."

எந்தப் பலகையும் முனகவில்லை. மடியில் இருந்த வேதம் கனத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, ஒரு கட்டத்தில் நின்றது. எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிய கைகளுக்குத் தராசு தேவைப்படவில்லை. எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளையின் எடை.

அவள் கைகள் தாமாகவே அதன் அடியில் போய்த் தாங்கிக்கொண்டன. தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இவங்க எல்லாரும் எப்ப போவாங்க ஐயா?"

"அவசரமா அக்கா? பிள்ளை இப்பத்தானே வந்திருக்கு."