தெய்வக்கிளியும் கோவைப்பழமும்

முன்னொரு காலத்திலே குறுங்காட்டு நாட்டை முத்துவீரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் அவர் வளர்த்த கிளி "மழை! மழை!" என்று கத்த, அன்று சாயங்காலமே மழை கொட்டிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ராஜா விடுவாரா?

"இது தெய்வக்கிளி! இனிமேல் சபை கூடியதும் இது சொல்வதுதான் அருள்வாக்கு. எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மந்திரி அறவாழியைக் கண்டாலே ஆகாதவர் தாண்டவராயர் என்ற பிரபு. இதுதான் சமயமென்று, கிளிக்கூண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்துச் சபை கூடியதும் கிளி கத்தியது: "மந்திரி துரோகி!"

"மந்திரி துரோகி!" என்றது சபை. என்ன குற்றம் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை, பாருங்கள்!

ராஜாவின் முகம் கறுத்தது. "அறவாழி, தெய்வ வாக்கை என்னால் மீற முடியாது. பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடும்."

"உத்தரவு மகாராஜா. போகுமுன் தெய்வத்துக்கு ஒரு நைவேத்தியம் காட்டிவிட்டுப் போகிறேனே" என்ற அறவாழி, தோட்டத்திலிருந்து ஒரு கோவைப்பழம் வரவழைத்து, கிளிக்கு எட்டாத தூரத்தில் பிடித்தார்.

பழத்தைக் கண்டதும் கிளிக்குப் படித்த பாடம் முழுசும் வாயில் வந்துவிட்டது.

"சொல்லுடா ராசா! மந்திரி துரோகி! சொன்னால்தான் கோவைப்பழம்! அறவாழி தொலைந்தால் தாண்டவராயன்தான் மந்திரி!"

"தாண்டவராயன்தான் மந்திரி!" என்று பழக்கதோஷத்தில் சபையும் முழங்கியது. தாண்டவராயரும் கூடச் சேர்ந்து முழங்கிவிட்டு, அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! வாத்தியார் நீர்தானா?" என்று எழுந்தார் ராஜா. தாண்டவராயர் தடாலென்று காலில் விழுந்தார்.

"மந்திரிப் பதவிதானே வேண்டும்? கிளிக்கு மந்திரியாக இரும். தினமும் கூண்டைக் கழுவும்!"

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழிக்குப் போட்டார். "மன்னித்துவிடும். இந்தச் சபையில் முதல் கிளிப்பிள்ளை நான்தான்" என்றார். அறவாழிக்குக் கண் கலங்கியது, மனசுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

ராஜா சபையைப் பார்த்து, "இனி ஒருவரும் யோசிக்காமல் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது!" என்றார்.

"திருப்பிச் சொல்லக் கூடாது!" என்றது சபை, ஒரே குரலில்.

ராஜா தலையில் அடித்துக்கொண்டார். கிளி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் வாய் நிறைய அறவாழி கொடுத்த கோவைப்பழம்.