நரியின் பழுதற்ற வால்

ஒலிவ மரங்கள் அடர்ந்த ஒரு மலைக்காட்டில் அந்த ஆண்டு மழையே பெய்யவில்லை. ஊற்றும் ஏறக்குறைய வற்றிப்போனது. விலங்குகள் எல்லாம் கவலையோடு ஊற்றருகே ஒரு பெரிய பாறையின் முன் கூடின.

அங்கே நரி வந்து சேர்ந்தது. ஊற்றில் மிச்சமிருந்த கொஞ்சம் நீரிலும் அது முங்கிக் குளித்துவிட்டு வந்திருந்தது.

"யாரும் என்னைத் தொடாதீர்கள்! நான் சுத்தமாக இருக்கிறேன்," என்றது நரி. "கடவுளுக்குப் பலி கொடுத்தால் மழை வரும். நானே பூசாரி. பலியிட்ட இறைச்சி வீணாகக் கூடாது அல்லவா? அதைத் தின்னும் சிரமத்தையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்."

தாகத்தில் தவித்த விலங்குகள் அதை நம்பிவிட்டன.

"பலி பழுதற்றதாக இருக்க வேண்டும்," என்று நரி ஒவ்வொருவராகச் சோதித்தது. கழுதையின் முதுகில் தழும்பு. எருதுக்கு ஒரு கண் மங்கல். கடைசியில் வெள்ளாட்டுக் குட்டியின் முன் வந்து நின்றது. நரியின் நாக்கில் எச்சில் ஊறியது.

"ஆகா! ஒரு புள்ளிகூட இல்லை!"

தாய் ஆடு குட்டியை மறைத்துக்கொண்டு முன்னே வந்தது. "ஐயா, எனக்கு இருப்பது இது ஒன்றுதானே!"

"அதனால்தான் இது உயர்ந்த பலி," என்றது நரி.

அப்போது பாறை இடுக்கில் குடியிருந்த குழிமுயல் எட்டிப் பார்த்தது. "பூசாரி ஐயா, ஒரு சந்தேகம்."

"நீ தீட்டு! தள்ளி நின்று பேசு!"

"தள்ளியே நிற்கிறேன். பலி கொடுப்பவர் தம்முடையதைத்தானே கொடுக்க வேண்டும்? குட்டியோ தாய் ஆட்டுக்குச் சொந்தம். நீங்கள் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?"

நரி ஓரடி பின்வாங்கியது. "என்னிடம் என்ன இருக்கிறது?"

"அழகான வால் இருக்கிறதே! குளித்துப் பளபளக்கிறது. ஒரு பழுதும் இல்லை."

"ஆமாம், வாலைக் கொடு! வாலைக் கொடு!" என்று எல்லாம் கூவின. எருது கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நரியின் பின்னால் வந்து நின்றது.

நரி பதறிப்போய் ஊற்றுச் சேற்றில் விழுந்து புரண்டது. "பாருங்கள்! வாலெல்லாம் அழுக்கு! இது பலிக்கு ஆகாது!"

"அடடா, பூசாரியே தீட்டாகிவிட்டாரே!" என்றது குழிமுயல். "இனி யார் பலி செலுத்துவது?"

காடே சிரித்தது. நரி சேறு சொட்டச் சொட்ட ஓடி மறைந்தது. தாய் ஆடு குட்டியை நக்கி நக்கி ஓய்ந்தது.

மழை எப்போது வரும் என்று எவருக்கும் தெரியவில்லை. கழுதை மெல்லப் போய், தான் ஒளித்து வைத்திருந்த ஒரே அத்திப்பழத்தைக் கவ்வி வந்து பாறைமேல் வைத்தது. ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பெருமூச்சு விட்டது. பிறகு, திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

நீதி: பிறருடையதை எடுத்துக் கொடுப்பது பலி ஆகாது, தன்னுடையதை விட்டுக் கொடுப்பதே பலி.